மஞ்சள் பொட்டு வைத்த போல்ட்

மகள் ஜீப்பை நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அப்பாவிடம் காட்டினாள். ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்த தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"இன்னைக்கும் அந்த ஆட்டம் வந்துச்சுப்பா," என்றாள். "பாலம் தொடங்குற எடத்துல அந்த இரும்புப் பட்டி இருக்குல்ல, அதுல முன்சக்கரம் ஏறி எறங்கினதும் புடிச்சிக்கிச்சு. ஸ்டீரிங் என் கையில இல்ல. பின்னாடி நர்ஸம்மா ரெண்டு பேரும் அலறிட்டாங்க."

"பிரேக்க அழுத்தினியா?"

"அழுத்தினா இன்னும் ஆடுது. காலை எடுத்துட்டு, வேகம் தானா கொறையற வரைக்கும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல கைப்பிடிச் சுவரு ஒரு முழம்கூட இல்ல."

தெருவில் லிஃப்ட் முதலாளி என்று பேர் எடுத்த அப்பா, ஜீப்பின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பயத்தை முகத்தில் காட்டுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

ஜீப் மகளுடைய சொந்த வண்டி. ஆஸ்பத்திரிக்கு வாடகைக்கு ஓட்டுகிறாள். மறுநாள் காலையில் மலைமேல் இருக்கிற குடியிருப்புகளுக்கு நர்ஸ்களையும் மருந்துப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வழியில் அதே பாலம். பாலத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

"வண்டி ஓடுமா ஓடாதான்னு இருட்டுறதுக்குள்ள ஆஸ்பத்திரியில சொல்லணும்," என்றாள் மகள். "ஓடாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, அவங்க வேற ஏற்பாடு பண்ணிக்கட்டும். ஓடும்னா நீங்க சொல்லணும். உங்க வாயால. அதை நம்பித்தான் நான் ஓட்டுவேன்."

இதுவரை அவர் வாயிலிருந்து 'ஓடும்' என்ற சொல் வந்து எந்த வண்டியும் வழியில் நின்றதில்லை. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ளவும் அவருக்கு உரிமை இருந்தது.

அவரைப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு விட்டுவிட்டது, அல்லது அவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார். எப்படி வைத்துக்கொண்டாலும் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். அப்பன் சேர்த்த சொத்து இல்லை, மாமன் பிடித்துக் கொடுத்த வேலை இல்லை. வெறும் தரையில் கோணிச் சாக்கை விரித்து, வண்டிக்கடியில் மல்லாக்கப் படுத்து, முகத்தில் ஆயில் சொட்டச் சொட்ட வேலை பார்த்து மேலே வந்தவர். அந்தக் காலத்தில் பட்டறைக்கு வருகிறவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்ததைவிடப் பாதங்களைப் பார்த்ததுதான் அதிகம். எதிர்க்கடை டயர்க்காரர் அவருக்குச் 'சாக்கு மேஸ்திரி' என்று பேர் வைத்தார். பேர் தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது. கல்யாணம் பேசப் போன இடத்தில்கூட, "மாப்பிள்ளை சாக்கு மேஸ்திரிதானே?" என்று கேட்டார்கள்.

அந்தப் பேரை ஒழிக்கத்தான் லிஃப்ட் வாங்கினார். இரண்டு தூண்களும் நான்கு கைகளும் உள்ள சிவப்பு லிஃப்ட். பொத்தானை அழுத்தினால் வண்டியின் சட்டத்தை ஏந்தித் தலைக்கு மேலே தூக்கும். நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்கும், கீழே முதலாளி நிமிர்ந்து நடப்பார். அந்த வட்டாரத்தில் வேறு எவனிடமும் அது இல்லை. வந்த முதல் நாள் தெருவையே கூப்பிட்டு நிறுத்தி, டயர்க்காரருடைய ஸ்கூட்டரைத் தவிர எல்லாவற்றையும் தூக்கிக் காட்டினார். "படுத்துக்கிட்டுப் பாக்குறவன் மேஸ்திரி, நின்னுக்கிட்டுப் பாக்குறவன் முதலாளி," என்றார். அன்றிலிருந்து லிஃப்ட் முதலாளி.

இன்னொரு வழக்கமும் உண்டு. தம் கையால் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து, அதிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுப்பார். போல்ட் ஒரு மயிரிழை சுற்றினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சள் பொட்டு இருந்தால் மற்ற பட்டறைக்காரர்கள் ஸ்பேனரைத் தொடவே மாட்டார்கள் என்பது அவருடைய பெருமை. அவரே தொட மாட்டார்.

இந்த ஆட்டம் முதலில் வந்தபோது, "சக்கரம் பேலன்ஸ் இல்லம்மா," என்றார். எதிர்க்கடையில் நாலு சக்கரத்தையும் பேலன்ஸ் பண்ணி, காற்றும் அளந்து வைத்தார்கள். ஆட்டம் போகவில்லை. ஸ்டீரிங்கிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் கம்பிகளின் முனைகளை மாற்றினார். போகவில்லை. கடைசியில் ஸ்டீரிங் டேம்பர் புதிதாகப் போட்டார். குலுக்கலை உறிஞ்சுகிற குழாய் அது. கொஞ்ச காலம் வண்டி பூனை மாதிரி ஓடியது. அவரும் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். சொன்ன வாய் மூடுவதற்குள் ஆட்டம் முன்னைவிடப் பலமாகத் திரும்பி வந்தது.

நடுவில் அவரே ஊர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "நீ ஸ்டீரிங்கப் பூ மாதிரி புடிக்கிற பாப்பா," என்று சொல்லி அனுப்பினார். இப்போது சாவியை எடுத்து அவளிடமே நீட்டினார்.

"மேல ஏத்து," என்றார்.

மகள் ஜீப்பை லிஃப்டுக்கு நடுவில் நிறுத்தினாள். தூண்கள் முனகின. ஜீப் மேலே போனது. அவர் கீழே நின்று முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பிறகு இடமும் வலமும் ஆட்டினார். அசைவே இல்லை. பேரிங் கெட்டி, முனைகள் கெட்டி. ஒவ்வொரு போல்ட்டாக டார்ச் அடித்துக்கொண்டே போனார். மஞ்சள் பொட்டு, கோடு உடையவில்லை. அடுத்தது, மஞ்சள் பொட்டு. அதற்கடுத்ததும் மஞ்சள் பொட்டு. டார்ச் எதிலும் நிற்காமல் தாண்டித் தாண்டிப் போனது.

டயர்க்காரர் கையில் டீ கிளாஸோடு சாலையைக் கடந்து வந்தார்.

"என்ன முதலாளி, ஆம்புலன்ஸ மறுபடியும் தொங்க விட்டுட்டீங்க?"

"பாக்குறேன்ல?"

"பாக்குறீங்க, பாக்குறீங்க. வந்ததிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க. அதுவும் மேலேர்ந்து உங்களத்தான் பாக்குது."

"உன் பேலன்ஸ் மெஷின் சரியா இருந்தா எனக்கு ஏன்யா இந்தப் பாடு?"

"மெஷினக் கொற சொல்லாதீங்க. பாப்பா வண்டிங்கிறதால நானே உக்காந்து பாத்தேன். சக்கரத்துல ஒண்ணும் இல்ல."

அது முதலாளிக்கும் தெரியும். தெரிந்ததுதான் பயத்தைக் கூட்டியது. கெட்டது எது என்று தெரிந்துவிட்டால் பிடுங்கி எறிந்துவிடலாம். எல்லாமே நன்றாக இருக்கிற வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாலமும் இரும்புப் பட்டியும் கைப்பிடிச் சுவரும் கண்முன்னே வந்து வந்து போயின. பட்டறை வாசலில் மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அழைக்கவும் இல்லாமல் உள்ளே போடவும் இல்லாமல் நின்றாள்.

"சரி, எறக்குவோம்," என்று பொத்தானை அழுத்தினார்.

ஜீப் இறங்கியது. சக்கரங்கள் தரையைத் தொட்டு, எடை அதன்மேல் உட்காருகிற நேரத்தில் எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பின்கட்டிலிருந்து தையல் மெஷின் ஓசை நின்றது. அவருடைய மனைவி எட்டிப் பார்த்தாள். பட்டறைக்கு வரும் வண்டிகளுக்கெல்லாம் சீட் கவர் தைப்பவள் அவள்தான். லிஃப்ட் வந்ததிலிருந்து அந்தச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து அதன் முனகலைக் கேட்டுக்கொண்டே ஊசி ஓட்டுகிறாள்.

"ஏங்க, அது என்ன சத்தம்?"

"லிஃப்ட் கையில இருக்குற ரப்பர் கட்டை. எடை விலகும்போது அப்படித்தான் கேக்கும்."

"மத்த வண்டிய எறக்கும்போது கேக்க மாட்டேங்குதே. நம்ம பாப்பா வண்டிக்கு மட்டும்தான் கேக்குது."

"நீ துணியப் பாரு."

"துணியக் கண்ணால பாக்குறேன். காது சும்மாத்தானே இருக்கு? காலையில பால் வண்டி எறங்கிச்சு, ஊமையா எறங்கிச்சு. இது மட்டும் கதவத் தட்டுற மாதிரி தட்டுது. முன்னெல்லாம் சின்னதாத் தட்டுச்சு, இப்பப் பெருசாத் தட்டுது."

முதலாளிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனாலும் ஜீப்பை வெளியே தள்ளச் சொல்லிவிட்டு, லிஃப்டை வெறுமனே ஏற்றி இறக்கினார். சத்தம் இல்லை. டயர்க்காரருடைய வேனைக் கொண்டுவரச் சொல்லி ஏற்றி இறக்கினார். சத்தம் இல்லை. மறுபடி ஜீப்.

டொக்.

டயர்க்காரர் டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றார்.

முதலாளியின் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. மேலே தூக்கினால் சக்கரத்துக்கு எடை இல்லை. எடை இல்லாத இடத்தில் எந்த இரும்பு அசையும்? லிஃப்டில் வைத்துத் தேடிக்கொண்டிருந்த இத்தனை நாளும், நோயாளியைத் தூங்க வைத்துவிட்டு 'வலிக்குதா' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வண்டி தன் காலில் நிற்கும்போது பார்க்க வேண்டும். அதாவது தரையில். அதாவது படுத்துக்கொண்டு.

அவர் தெருவைப் பார்த்தார். சாயங்கால நேரம், போக்குவரத்து இருந்தது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"அந்தச் சாக்க எடு."

மனைவி உள்ளே போய், பஞ்சு மூட்டை வந்த ஒரு கோணியை உதறிக்கொண்டு வந்து விரித்தாள். டயர்க்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டது நன்றாகத் தெரிந்தது.

"சிரிக்கணும்னா சிரிச்சிடுய்யா. அடக்கி வெச்சா உடம்புக்கு ஆகாது."

"நான் எங்க சிரிச்சேன்? தொப்பை உள்ள போகுமான்னு பாக்குறேன்."

போயிற்று. மூச்சை எக்கிக்கொண்டு, முன் பம்பருக்கடியில் தோள்வரைக்கும் போய், அங்கே ஒரு நிமிடம் சிக்கி, பிறகு இடுப்புவரைக்கும் போனார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. மனைவி பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தாள். மகள் ஸ்டீரிங்கில் உட்கார்ந்தாள்.

"கை பிரேக் போட்டியா?"

"போட்டாச்சுப்பா. சக்கரத்துக்குக் கட்டையும் வெச்சாச்சு."

"இன்ஜின ஸ்டார்ட் பண்ணு. வண்டி நகரக் கூடாது. ஸ்டீரிங்க மட்டும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், விடாம ஆட்டிக்கிட்டே இரு."

இன்ஜின் அவருடைய மூக்குக்கு மேலே உறுமியது. சக்கரங்கள் இடமும் வலமும் நெளிந்தன. அவர் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்து, வயசான ஆள் நாடி பார்ப்பது போல் பார்த்துக்கொண்டே போனார். ஒரு முனை, கெட்டி. மறு முனை, கெட்டி. பிறகு டார்ச் வெளிச்சம் குறுக்கு ராடின்மேல் விழுந்தது.

முன் அச்சு வண்டிக்கடியில் இடமும் வலமும் ஓடிவிடாமல், சட்டத்தோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிற ஒற்றைக் கம்பி அது. அதன் ஒரு முனையை அச்சின் தகட்டோடு பூட்ட ஒரு போல்ட். மகள் ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் போல்ட் தன் ஓட்டைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது. ஓட்டை வட்டமாக இல்லை, முட்டையாக இருந்தது. பல் இல்லாத வாய் எதையோ மெல்லுகிற மாதிரி மென்றுகொண்டிருந்தது.

அந்தப் போல்ட்டின் தலையில் மஞ்சள் பொட்டு இருந்தது.

அவர் கையை எடுத்துவிட்டு அப்படியே கிடந்தார். இந்த ஓட்டை வாயை நம்பித்தான் மகள் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள். பூ மாதிரிப் பிடிக்கிறாள் என்று வேறு சொல்லியாயிற்று. முதுகுக்கடியில் கோணி சில்லென்றது. வியர்வை.

"என்னப்பா? ஆட்டட்டுமா, போதுமா?"

"அணைச்சிடு."

இன்ஜின் நின்றது. அவர் வெளியே வரவில்லை. மனைவி குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. இங்க வந்து பாரு. நீ சொன்ன கதவு இதான்."

மகளும் இறங்கி வந்து, தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அவளுக்குக் கண் கூர்மை.

"அப்பா, மஞ்சள் கோடு உடையலையே. போல்ட் சுத்தவே இல்ல. அப்புறம் எப்படி ஓட்டை இப்படி ஆச்சு?"

தகடு பழசு, இரும்பு மட்டம், ரோடு மோசம். சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. அவர் பம்பரைப் பிடித்து வெளியே நழுவி வந்து, கோணிமேலேயே உட்கார்ந்து கையைத் துடைத்தார்.

"அந்த ராடு முனையில, போல்ட்டச் சுத்தி ரப்பர் புஷ்னு ஒரு வளையம் இருக்கு. இந்த ஆட்டம் வர்றதுக்கு முன்னாடி அதை மாத்தினேன்ல, லிஃப்டுல தூக்கி வெச்சு முறுக்கினேன். அச்சு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. எறக்கினதும் அச்சு மேல வரும், ராடு திரும்பும். போல்ட் இறுக்கமா இருக்குறதால ரப்பர் மட்டும் முறுக்கிக்கும். ஈரத்துணியப் புழிஞ்சு, புழிஞ்ச முறுக்கோட கொடியில போட்ட மாதிரி. அது சும்மா இருக்குமா? போற வழியெல்லாம் முறுக்கவிழ்க்கப் பாக்கும். ரப்பர் கிழிஞ்சிருக்கு, அப்புறம் போல்ட் ஓட்டையத் தின்னுருக்கு."

"அப்ப சாக்கு மேல படுத்துப் பாத்த காலத்துல?" என்றாள் மகள்.

"வண்டி தரையில நின்னுச்சு. தானாவே சரியா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "முறுக்கினது நல்லாத்தான் முறுக்கியிருக்கேன். எவனாலயும் அசைக்க முடியாது. முறுக்கின எடம்தான் தப்பு," என்றார்.

"இதையும் பெருமையாவே சொல்லிக்கங்க," என்றாள் மனைவி.

பிறகு வெல்டிங்குக்குத் தயாரானார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். தடித்த இரும்புத் தகட்டில் இரண்டு துண்டு வெட்டி, போல்ட்டுக்கு அளவாகத் துளை போட்டு, ஓட்டையின் இரு பக்கமும் வைத்து வெல்டிங் அடித்தார். அவசரத்தில் முதல் ஒட்டு கோணலாக வந்தது. அரைத்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தார். தகடு ஆறுகிற வரைக்கும் பொறுக்க முடியாமல் அவர் எழுந்து எழுந்து போய் விசிறினார். புது புஷ், புதுப் போல்ட். கையால் மட்டும் நட்டைப் போட்டுவிட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி, டயர்க்காரரையும் சேர்த்துக்கொண்டு முன்பக்கத்தை அழுத்தி அழுத்தி விட்டார். அச்சு தன் இடத்தில் தானே உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு, சாக்கின்மேல் படுத்துக்கொண்டே கடைசி முறுக்கு முறுக்கினார். மகள் மறுபடி ஸ்டீரிங்கை ஆட்டினாள். கம்பி செத்தது போல் கிடந்தது.

மனைவி மஞ்சள் பெயிண்ட் டப்பாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"டேம்பரக் கழட்டு," என்றார் மகளிடம்.

"எதுக்குப்பா? புதுசாச்சே."

"அது நோயை மூடி வெச்சுப் பொய் சொல்லுது. அது இல்லாம ஓடட்டும். ஆடலன்னா மாட்டிக்கலாம்."

பாலத்துக்குப் போனார்கள். ஓட்டுகிறேன் என்று அவர் கை நீட்டியதும் மகள் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "நாளைக்கு ஓட்டப் போறது நான்," என்றாள். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். முதலில் மெதுவாகப் போய் வந்தார்கள். அதில் ஒன்றும் வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும். திரும்பி, மலைப்பக்கமிருந்து இறக்கத்தில், எந்த வேகத்தில் பிடித்துக்கொண்டதோ அதே வேகத்தில் விட்டாள். முதலாளியின் வலது கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது. இரும்புப் பட்டி வந்தது. சக்கரம் ஏறியது, இறங்கியது.

தடக் என்று ஒரே ஒரு அடி. அவ்வளவுதான். ஸ்டீரிங் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துவிட்டு நேராக நின்றது.

"இன்னொரு தடவை," என்றார்.

திரும்பத் திரும்பப் போனார்கள். கடைசியில் பாலத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டு மகள் போனை எடுத்தாள். அழைப்பதற்கு முன்னால் அவரைப் பார்த்தாள்.

"ஓடும்," என்றார்.

அவள் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாலத்தின் மறுமுனையிலிருந்து பால் வண்டி இறங்கி வந்தது. ஓட்டுநர் கையை அசைத்துவிட்டுப் போனார். முதலாளி பதிலுக்குக் கையைத் தூக்கினார், தூக்கிய கையை இறக்காமல் அந்த வண்டியின் முன்சக்கரங்களையே பார்த்தார். அதற்கும் அவர்தான் புஷ் போட்டிருந்தார். லிஃப்டில். மரக்கடை ஜீப்புக்கும் அப்படித்தான். காட்டுப் பக்கம் போகிற வண்டிகள் எல்லாவற்றிலும் அவருடைய மஞ்சள் பொட்டு இருந்தது. எவனும் தொட மாட்டான். இப்போது அதுதான் ஆபத்து.

பட்டறைக்குத் திரும்பியதும் டேம்பரை மாட்டினார். பிறகு போனை எடுத்து முதலில் பால் வண்டிக்காரரை அழைத்தார்.

"அண்ணே, வண்டிய நாளைக்குக் காலையில கொண்டாந்து விடுங்க... இல்ல, கெட்டுப் போகல... கெட்டுப் போயிருந்தா உங்களுக்கே தெரியும். அப்படித் தெரியிற நெலமைக்குப் போகக் கூடாதுன்னுதான் கூப்பிடுறேன்... காசா? என் வேலையை நானே பாக்குறதுக்கு எவன் காசு கேட்டான்?"

மறுநாள் காலை மகள் கிளம்பும்போது ஒரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். மேலே போகப் போக சிக்னல் கிடைக்காது. பாலம் தாண்டியதும் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும்.

அவர் பால் வண்டிக்கடியில் கோணிமேல் கிடந்தார். போன் மனைவியிடம் இருந்தது. அவளுடைய தையல் மெஷின் காலையிலிருந்து ஓடவே இல்லை.

"சாக்கு மேஸ்திரி வந்துட்டாரு போல," என்று டயர்க்காரர் சாலைக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார்.

"வந்துட்டேன்யா. உன் வேனையும் கொண்டா, அதுலயும் என் பொட்டு இருக்கு."

ஸ்பேனர் கையில் இருந்தது, ஆனால் அவர் எதையும் முறுக்கவில்லை. பாலத்துக்கு இவ்வளவு நேரம் ஆகாது. ஆகுமா? நர்ஸம்மாவை ஏற்ற நேரமாகியிருக்கும். மருந்துப் பெட்டிக்கு ஐஸ் வைக்க நேரமாகியிருக்கும்.

மனைவியின் கையில் போன் ஒரு முறை அடித்து நின்றது.

அவள் குனிந்து திரையை அவருக்குக் காட்டினாள். பிறகு வண்டிக்கடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

"அந்தப் பெரிய ஸ்பேனர எடு," என்றார். "பாப்பா இன்னும் எறங்கி வரணும்ல."